டாக்டர் பரீட்சையில் எங்களைப் பற்றியும் ஒரு கேள்வி வையுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜூலை 1 மருத்துவர் தினம் வந்தால் உங்கள் பத்திரிகையில் டாக்டர்களைப் பாராட்டிப் பக்கம் பக்கமாக வருகிறது. வரட்டும், பாராட்ட வேண்டிய டாக்டர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஏப்ரல் 15 திருநங்கையர் தினத்துக்கும் கூவாகம் திருவிழாவுக்கும் எங்கள் படங்களை வண்ணத்தில் போடுகிறீர்கள், அதற்கும் நன்றி. ஆனால் ஒரு திருநங்கையோ திருநம்பியோ (பெண்ணாகப் பிறந்து ஆணாக வாழ்கிறவர்) காய்ச்சல் என்றோ வயிற்றுவலி என்றோ ஒரு டாக்டர் முன்னால் போய் உட்கார்ந்தால் என்ன நடக்கிறது என்று நீங்கள் எழுதி நான் பார்த்ததில்லை. அதனால் நான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் போகும். வெட்டியே ஆக வேண்டும் என்றால் என் சொந்தப் புலம்பலை வெட்டுங்கள், பாடத்திட்டத்தைப் பற்றி எழுதியிருப்பதில் மட்டும் கை வைக்காதீர்கள்.

நான் திருநங்கை. தென் மாவட்டம் ஒன்றில் இருக்கிறேன். எங்கள் ஆட்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போவது, ஓபி சீட்டு வாங்கித் தருவது, அட்மிட் ஆனால் பக்கத்தில் இருப்பது, இதுதான் பல வருடமாக என் வேலை. கொஞ்ச காலம் ஒரு திட்டத்தில் சம்பளம் கொடுத்தார்கள், அப்புறம் சம்பளம் நின்றுவிட்டது, போன் வருவது நிற்கவில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு "அம்மா, யூரின் போகல, வயிறு வீங்குது" என்று ஒரு பிள்ளை அழுதால் போகாமல் இருக்க முடியுமா?

ஓபி கவுண்டரில் நடப்பதை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஆதாரில் ஒரு பெயர், கூப்பிடுவது ஒரு பெயர், "உண்மையான பேரு என்ன?" என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து சத்தமாகக் கேட்பார்கள், வரிசை முழுக்கத் திரும்பிப் பார்க்கும். ஆண்கள் வரிசையில் நின்றால் சிரிப்பு, பெண்கள் வரிசையில் நின்றால் முறைப்பு. பஸ் ஸ்டாண்டிலும் ரேஷன் கடையிலும் பார்க்காததா? அங்கே இருக்கிறவர்கள் ஊர் சொல்லிக்கொடுத்ததைத்தான் செய்கிறார்கள். என் கோபம் அவர்கள் மேல் இல்லை. ஐந்தரை வருடம் எம்பிபிஎஸ் படித்து, அதற்கு மேல் மூன்று வருடம் எம்.டி., எம்.எஸ். என்று படித்து, மனித உடம்பைப் பற்றி ஊரில் எல்லோரையும் விட அதிகம் தெரிந்திருக்க வேண்டியவர் எங்களைப் பார்த்ததும் டீக்கடைப் பேச்சுக்கு இறங்கிவிடுகிறாரே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

ஒரு உதாரணம் சொல்கிறேன். என் மகள் ஒருத்தி (பெற்ற மகள் இல்லை, எங்கள் வழக்கப்படி என்னை அம்மாவாக ஏற்றுக்கொண்டவள்) காது வலி என்று போனாள். சீழ் வடிகிறது, காய்ச்சல் வேறு. டாக்டர் காதைப் பார்ப்பதற்கு முன்னால் கேட்ட முதல் கேள்வி, "ஆபரேஷன் பண்ணியாச்சா?" பண்ணியாச்சு சார் என்றாள். எங்கே, எப்போது, யார் பண்ணினது, இப்போது அந்த இடம் எப்படி இருக்கிறது, தொழில் என்ன, எத்தனை பேர்... இப்படியே போய்க் கடைசியில் காட்டச் சொன்னார். காது வலிக்கு! பக்கத்து அறையிலிருந்து இரண்டு ஹவுஸ் சர்ஜன்களையும் கூப்பிட்டார், பார்த்துக்கொள்ளட்டும் என்று. நான் நடுவில் புகுந்து, சார், காது மேலே இருக்கு என்றேன். அதற்கு அவருக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டும். மருந்துச் சீட்டில் இரண்டு மாத்திரை எழுதி நீட்டிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். டார்ச் லைட் கடைசி வரை பாக்கெட்டை விட்டு வெளியே வரவில்லை.

வார்டில் இதைவிட மோசம். ஆண்கள் வார்டா, பெண்கள் வார்டா என்று முடிவாகும் வரை வராண்டாவில் ஸ்ட்ரெச்சர். பேராசிரியர் ரவுண்ட்ஸ் வரும்போது போர்வையை எடுத்துவிட்டு இது ஒரு அபூர்வமான கேஸ் என்று பத்துப் பேருக்குப் பாடம் நடக்கும், படுத்திருக்கிறவளிடம் ஒரு வார்த்தை கேட்பது கிடையாது. பாடம் நடத்த வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, எங்கள் உடம்பைப் பார்த்துப் படிக்கவே மாட்டேன் என்பவரிடமும் எனக்குச் சண்டைதான். கேட்டுவிட்டு நடத்தலாமே. சிஸ்டர்கள் ஊசி போட இரண்டு கையுறை மாட்டிக்கொண்டு வருவார்கள், பக்கத்துப் படுக்கைக்கு ஒன்று போதும். சொல்லாமல் ரத்தம் எடுத்து எச்ஐவி டெஸ்டுக்கு அனுப்பிவிட்டு ரிசல்ட்டை கேஸ் ஷீட்டின் மேலே சிவப்பு மையில் எழுதி வைப்பது இன்னும் நடக்கிறது. நோயாளியின் சம்மதம் இல்லாமல் எச்ஐவி பரிசோதனை செய்யக் கூடாது, முடிவை இஷ்டத்துக்கு வெளியிடக் கூடாது என்று 2017லேயே தனிச் சட்டம் போட்டு, 2018 செப்டம்பரில் அது அமலுக்கும் வந்துவிட்டது. அந்தச் சட்டத்தை வார்டில் வைத்துச் சொன்னால், "சட்டமெல்லாம் பேசுற அளவுக்கு வந்துட்டியா" என்பார்கள். வந்துட்டியா. வயசு ஐம்பதைத் தாண்டிய எனக்கு.

இதையெல்லாம் மனசு புண்படுகிற விஷயம் என்று நினைத்துப் படித்துவிட்டுப் போய்விடாதீர்கள். புண்பட்ட மனசோடு வாழப் பழகியவர்கள்தான் நாங்கள். இப்படி ஒரு முறை அசிங்கப்பட்டவள் அடுத்த முறை ஆஸ்பத்திரிக்கு வரமாட்டாள். மெடிக்கல் ஷாப்பில் சீட்டு இல்லாமல் கருத்தடை மாத்திரை வாங்கி, மார்பு வளரட்டும் என்று ஒரு நாளைக்கு நாலைந்து போடுவாள். அந்த மாத்திரையில் இருக்கும் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனை அந்த அளவில் விழுங்கினால் காலில் ரத்தம் கட்டும், அது நுரையீரலுக்குப் போனால் உயிர் போகும், பீடி சிகரெட் பழக்கம் இருந்தால் ஆபத்து இன்னும் கூடும். இதை அவளுக்குச் சொல்ல வேண்டியது யார்? எங்கள் சமூகத்து மூத்தவர்களான குருவும் நானியும் சொல்கிற பத்தியமும், பக்கத்து வீட்டுத் தோழி சொல்கிற டோஸும்தான் அவளுக்கு இப்போது மருத்துவம்.

நிர்வாணம், அதாவது ஆணுறுப்பை நீக்கிப் பெண்ணாகும் ஆபரேஷன், அந்த விஷயமும் அப்படித்தான். அரசு மருத்துவமனையில் இலவசமாகப் பாலின அறுவை சிகிச்சை செய்வதில் தமிழ்நாடு முன்னோடி. 2008 ஏப்ரல் 15ஆம் தேதி நாட்டிலேயே முதலாவதாக நல வாரியம் அமைத்த மாநிலமும் இதுதான், அதில் எங்களுக்குப் பெருமைதான். ஆனாலும் இன்னும் சிலர், டாக்டர் அல்லாமல் எங்கள் சமூகத்திலேயே அறுத்துவிடுகிற தாயம்மா கையிலோ, எங்கோ ஒரு மாடி அறையில் கிளினிக் என்று போர்டு கூட இல்லாத இடத்திலோ போய் அறுத்துக்கொண்டு வருகிறார்களே, ஏன்? காத்திருக்கும் வரிசை நீளம் என்பது ஒரு காரணம். மனநல டாக்டர் சான்றிதழுக்குப் போகும் இடத்தில், "நல்லா யோசிச்சியா, உங்க அப்பா அம்மா பாவம் இல்லையா, கோயிலுக்குப் போயேன்" என்று உபதேசம் கேட்க வேண்டியிருப்பது இன்னொரு காரணம். அறுத்துக்கொண்டு வந்த பிறகு சிறுநீர்த் துவாரம் சுருங்கிப் போகும். மூத்திரம் சொட்டுச் சொட்டாக வந்து, ஒரு நாள் அடைத்துக்கொள்ளும். காஷுவாலிட்டிக்கு ஓடினால் ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) என்ட்ரி போடணும், போலீஸ் கேஸ் ஆகும், யார் பண்ணினதுன்னு சொன்னாத்தான் தொடுவேன் என்று ஒரு டியூட்டி டாக்டர் சொன்னதை நான் காதால் கேட்டேன். என்ட்ரி போடட்டும், அது அவர் கடமை, முதலில் ஒரு டியூப் போட்டு மூத்திரத்தை எடுத்துவிட்டுப் போடக் கூடாதா? அந்தப் பிள்ளை கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு துடிக்கிறாள், அவர் பேனாவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

அடுத்து, டாக்டர்களுக்கே தெரியாத மருத்துவ விஷயங்கள். இதைத்தான் நான் முக்கியமாக எழுத வந்தேன். அறுவை சிகிச்சை செய்துகொண்ட திருநங்கைக்கு, சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் புராஸ்டேட் சுரப்பி உள்ளேயேதான் இருக்கும், அதை எடுப்பதில்லை. அறுபது வயதில் ஒரு திருநங்கைக்குச் சிறுநீர்ப் பிரச்சினை வந்தால் அதையும் யோசிக்க வேண்டும். ஹார்மோன் எடுத்தவர்களுக்கு, புராஸ்டேட் நோயைக் கண்டுபிடிக்கச் செய்யும் பிஎஸ்ஏ ரத்தப் பரிசோதனை அளவு வழக்கத்தைவிடக் குறைவாகக் காட்டும், ஆண்களுக்கு நார்மல் என்று வைத்திருக்கும் அளவை அப்படியே இங்கே வைத்துப் பார்த்தால் ஏமாந்துபோவோம். இதை எனக்கு ஒரு டாக்டர்தான் சொல்லிக்கொடுத்தார், அவரைப் பற்றி அப்புறம் சொல்கிறேன். திருநம்பிகள் நிலை இன்னும் பாவம். தாடி மீசையோடு ஒருவர் மகப்பேறு பிரிவு வாசலில் நின்றால் செக்யூரிட்டியே விரட்டிவிடுவார். ஆனால் கர்ப்பப்பையை எடுக்காதவருக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை தேவை. டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் ஊசி போட்டு மாதவிலக்கு நின்றுவிட்டாலும் கர்ப்பம் தரிக்க வாய்ப்பு உண்டு. அந்த ஊசியால் ரத்தத்தில் ஹீமோகுளோபின் ஏறும், அதைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். லேப் ரிப்போர்ட்டில் ஆணுக்கு ஒரு அளவு, பெண்ணுக்கு ஒரு அளவு என்று அச்சடித்து வருகிறதே, ஐந்து வருடமாக ஊசி போடும் திருநம்பிக்கு எந்த அளவை வைத்துப் பார்ப்பது? சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று கணக்குப் போடும் சூத்திரத்திலும் ஆணா பெண்ணா என்று ஒரு கட்டம் இருக்கிறது. இந்தக் கேள்விகளை நான் பல டாக்டர்களிடம் கேட்டிருக்கிறேன். தெரியாது, பார்த்துச் சொல்கிறேன் என்று சொன்னவர்கள் மிகச் சிலர், அவர்களை நான் மதிக்கிறேன். மற்றவர்கள் தெரியாததைச் சிரிப்பால் மூடிக்கொண்டார்கள், இல்லையென்றால் எல்லாவற்றுக்கும் "நீ போட்ட ஹார்மோன்தான் காரணம்" என்று முடித்துவிட்டார்கள். சர்க்கரையா, ஹார்மோன். மூச்சு வாங்குகிறதா, ஹார்மோன். டிபி இருக்குமோ என்று சளியைப் பார்க்க யாருக்கும் தோன்றாது.

சரி, இந்த அலட்சியம் எங்கிருந்து வருகிறது? வீட்டிலிருந்து, சினிமாவிலிருந்து, ஊரிலிருந்து என்று சொல்லலாம். அது எல்லோருக்கும் வருவதுதான். டாக்டர்களுக்குக் கூடுதலாக ஒன்று பாடப் புத்தகத்திலிருந்தே வருகிறது. எம்பிபிஎஸ்ஸில் தடயவியல் மருத்துவம் என்று ஒரு பாடம். அதில் ஓரினச் சேர்க்கையை இயற்கைக்கு மாறான குற்றம் என்றும், எதிர்பால் உடை அணிவதைப் பிணத்தோடு உறவு கொள்வது போன்றவற்றோடு சேர்த்து பாலியல் வக்கிரம் என்றும் தலைமுறை தலைமுறையாகப் படித்துப் பரீட்சை எழுதி பாஸ் ஆகியிருக்கிறார்கள். எங்களைப் பற்றி ஒரு மாணவன் கல்லூரியில் படிக்கும் முதல் வரியே வக்கிரம் என்று இருந்தால், அவன் நாளைக்கு ஓபியில் உட்கார்ந்து எங்களை எந்தக் கண்ணால் பார்ப்பான்?

இதை உடைத்தது நம்முடைய சென்னை உயர் நீதிமன்றம். மதுரையைச் சேர்ந்த இரண்டு பெண்கள் பாதுகாப்பு கேட்டுப் போட்ட வழக்கில் 2021 ஜூன் 7ஆம் தேதி நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் ஓர் உத்தரவு போட்டார். பாலின அடையாளத்தையோ பாலியல் ஈர்ப்பையோ "மாற்றுகிறேன்" என்று சொல்லிச் செய்யும் சிகிச்சைக்குத் தடை, செய்கிற டாக்டர் மேல் நடவடிக்கை என்று சொன்னார். அதே வழக்கில் மருத்துவப் பாடப் புத்தகங்களில் இருக்கும் அவதூறுகளையும் எடுத்துக் கேட்டார். அதன் பிறகுதான் தேசிய மருத்துவ ஆணையம் 2021 அக்டோபரில் புத்தகம் எழுதுவோருக்கும் கல்லூரிகளுக்கும் அறிவுரை அனுப்பியது, 2022 ஆகஸ்டில் இப்படி "மாற்றுகிற" சிகிச்சை செய்வது தொழில்முறை ஒழுங்கீனம் என்று மாநில மருத்துவக் கவுன்சில்களுக்கு எழுதியது, தடயவியல் பாடத்தையும் திருத்தியது. முடிந்தது என்று நினைத்தோம். 2024 ஆகஸ்ட் கடைசியில் அதே ஆணையம் புதிய பாடத்திட்டம் என்று ஒன்றை வெளியிட்டது, திறந்து பார்த்தால் நீக்கியதெல்லாம் திரும்ப வந்து உட்கார்ந்திருக்கிறது! நாடு முழுக்க எதிர்ப்பு வந்து செப்டம்பர் 5ஆம் தேதி அதை வாபஸ் வாங்கி, ஒரு வாரம் கழித்துத் திருத்திய பாடத்திட்டத்தை வெளியிட்டார்கள். ஓரினச் சேர்க்கையைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவை உச்ச நீதிமன்றம் முடக்கி ஆறு வருடம் ஆன பிறகு, உலக சுகாதார நிறுவனம் எங்களை மனநோய்ப் பட்டியலிலிருந்து எடுத்த புதிய நோய் வகைப்பாடு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த பிறகு, இந்தியாவின் மருத்துவக் கல்வியை நடத்துகிற மேதைகளுக்கு இது கண்ணில் படவில்லை. கவனக்குறைவாம். பழைய பிரதியை எடுத்து அப்படியே ஒட்டிவிட்டார்களோ என்னவோ, ஒட்டியவரும் டாக்டர், சரிபார்த்தவரும் டாக்டர், ஒருவருக்கும் உறுத்தவில்லை பாருங்கள்.

நீக்கினால் போதுமா என்பது அடுத்த கேள்வி. அவதூறு போன இடத்தில் வெற்றிடம்தான் இருக்கிறது. 2019ஆம் ஆண்டு நாடாளுமன்றம் கொண்டுவந்த திருநர் (திருநங்கை, திருநம்பி எல்லோருக்கும் பொதுப் பெயர்) சட்டத்தில் 15ஆம் பிரிவு முழுக்க மருத்துவத்தைப் பற்றியது. அறுவை சிகிச்சை, ஹார்மோன், காப்பீடு என்று பட்டியல் போட்டு, எங்கள் உடல்நலப் பிரச்சினைகளை டாக்டர்கள் கையாளும்படி மருத்துவப் பாடத்திட்டத்தை மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்றும் அதில் எழுதியிருந்தார்கள். அந்தச் சட்டத்தின் மேல் எங்களுக்கு ஆயிரம் சண்டை உண்டு, அது வேறு கதை. இந்த ஒரு வரியை யாரும் குறை சொல்லவில்லை, யாரும் செய்யவும் இல்லை. மனப்பான்மை, அறநெறி, பேசும் முறை என்று 2019லிருந்து எம்பிபிஎஸ்ஸில் ஏட்காம் என ஒரு பகுதி வைத்திருக்கிறார்கள், நல்லதுதான். அதில் யாராவது விருப்பப்பட்டால் எங்களில் ஒருவரை அழைத்து ஒரு மணி நேரம் பேசச் சொல்வார்கள். நானும் போயிருக்கிறேன். மாணவர்கள் நன்றாகக் கேட்கிறார்கள், கண் கலங்குகிறார்கள், பொன்னாடை போர்த்துகிறார்கள், செல்ஃபி எடுக்கிறார்கள். அப்புறம் ஒரு பிள்ளை எழுந்து, மேடம், இது பரீட்சைக்கு வருமா என்று அவர்கள் பேராசிரியரையே கேட்டது. வராது என்றார் அவர். அவ்வளவுதான், பாதி அறை போனைப் பார்க்க ஆரம்பித்தது. எனக்குக் கோபம் வரவில்லை, சிரிப்புதான் வந்தது, அந்தப் பிள்ளை கேட்டது நூற்றுக்கு நூறு நியாயம். நீட் எழுதி உள்ளே வந்து, நெக்ஸ்ட் என்ற தகுதித் தேர்வோ முதுநிலை நீட்டோ எழுதப்போகிற பிள்ளை எதைப் படிக்கும்? வருவதைப் படிக்கும். அதனால் என் கோரிக்கை ஒன்றே ஒன்று. பொதுமருத்துவத்தில் ஒரு கேள்வி, மகப்பேறு பாடத்தில் ஒரு கேள்வி, அறுவை சிகிச்சையில் ஒரு கேள்வி, கட்டாயமாக, மார்க்கோடு. "அறுபது வயது திருநங்கைக்கு சிறுநீர் அடைப்பு, எப்படிப் பரிசோதிப்பீர்கள்?" என்று வாய்மொழித் தேர்வில் கேளுங்கள். தெரியாதவன் ஃபெயில் ஆகட்டும். எங்கள் மேல் அன்பு காட்டச் சொல்லி நான் கேட்கவில்லை, டாக்டர் வீட்டுக்குப் போய் என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளட்டும். எனக்கு வேண்டியது சரியான மருந்து.

டாக்டர்கள் தரப்பையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நாளைக்கு உங்களுக்கே பதில் கடிதம் வரும். அரசு ஆஸ்பத்திரி ஓபியில் ஒரு ஆளுக்கு இரண்டு நிமிடம் கிடைத்தால் பெரிது, அதில் எங்கே பொறுமையாகப் பேசுவது என்பார்கள். உண்மைதான். ஆனால் காது வலிக்காரியிடம் ஊர்க்கதை கேட்க மட்டும் நேரம் எங்கிருந்து வந்தது? சிலர், உங்கள் ஆட்கள் கை தட்டிக் கூச்சல் போட்டுச் சண்டைக்கு வருகிறார்கள், எங்களுக்கும் பயமாக இருக்கிறது என்கிறார்கள். அதுவும் நடக்கிறது, நான் மறைக்கவில்லை. அப்படிக் கத்துகிறவளை வெளியே இழுத்துக்கொண்டு போய்த் திட்டியிருக்கிறேன், ராத்திரி டியூட்டியில் தனியாக நிற்கிற ஒரு பெண் டாக்டரை மிரட்டுவது எந்த ஊர் நியாயம் என்று. ஆனால் அவள் ஏன் வாசலிலேயே சண்டைக்குத் தயாராக வருகிறாள் என்பதையும் கேளுங்கள். போன முறை வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள், கடைசி ஆளாக அனுப்பினார்கள். சத்தம் போட்டால்தான் சீட்டு கிடைக்கும் என்று அவளுக்குக் கற்றுக்கொடுத்ததே அந்த ஆஸ்பத்திரிதான்.

தனியார் டாக்டர்கள் சொல்கிற சாக்கு வேறு. மற்ற பேஷண்ட்கள் ஒரு மாதிரி நினைப்பார்கள், கிளினிக் பெயர் கெட்டுவிடும். இதற்கு நான் பதிலே சொல்லப்போவதில்லை.

ரத்த தானத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2017இல் வந்த மத்திய அரசின் ரத்த தான வழிகாட்டி, 12, 51 என்ற இரண்டு பிரிவுகளில் திருநர்கள் எல்லோரையும் மொத்தமாக, நிரந்தரமாக ரத்தம் கொடுக்கத் தகுதியற்றவர்கள் என்று எழுதிவைத்தது. யாரோடு வாழ்கிறாய், எப்படி வாழ்கிறாய், டெஸ்ட் என்ன சொல்கிறது என்ற விசாரணையெல்லாம் கிடையாது. மணிப்பூரைச் சேர்ந்த திருநர் உரிமைச் செயற்பாட்டாளர் சாந்தா குரை 2021இல் இதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனார். ஒரு டாக்டரின் தனிப்பட்ட வெறுப்பைப் பற்றிப் பேசினால் அது அவருடைய குணம் என்று விட்டுவிடலாம், அரசாங்கக் காகிதத்தில் விதியாகவே அடித்து வைத்தால் அதை யார் குணம் என்று சொல்வது?

மாறவே முடியாது என்று நான் நினைக்கவில்லை. மேலே சொன்ன நீதிபதியையே எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வழக்கு வந்தபோது இந்த விஷயத்தில் தனக்குப் போதிய புரிதல் இல்லை என்று உத்தரவிலேயே எழுதினார். ஒரு உளவியல் நிபுணரிடம் நேரம் கேட்டு, மாணவர் மாதிரி உட்கார்ந்து, எங்கள் சமூகத்தைச் சேர்ந்தவர்களிடமும் பேசிக் கேட்டுத் தெரிந்துகொண்டார். அப்புறம்தான் தீர்ப்பு எழுதினார். உயர் நீதிமன்ற நீதிபதிக்குக் கௌரவம் குறையவில்லை. ஒரு பேராசிரியர் தன் துறையில் இருபது பேரைக் கூட்டிவைத்து, எனக்கு இது தெரியாது, சேர்ந்து படிப்போம் என்று சொன்னால் என்ன குறைந்துவிடும்?

அப்புறம் சொல்கிறேன் என்றேனே, அந்த டாக்டர். சிறுநீரக அறுவை சிகிச்சை நிபுணர், ஓய்வு பெற்றுவிட்டார், பெயர் போட்டால் அவருக்குப் பிடிக்காது. அவரும் ஆரம்பத்தில் எங்களிடம் பெரிதாகச் சிரித்துப் பேசியவர் இல்லை. சிடுசிடுவென்றுதான் இருப்பார், எல்லோரிடமும் அப்படித்தான், கலெக்டர் வீட்டு ஆள் வந்தாலும் அதே சிடுசிடுப்பு. ஆனால் கேஸ் ஷீட்டில் நாங்கள் சொன்ன பெயரை எழுதுவார், "என்னம்மா பண்ணுது" என்பார், திரையை இழுத்துவிட்டுத்தான் பரிசோதிப்பார், எதற்காகத் தொடுகிறேன் என்று சொல்லிவிட்டுத் தொடுவார். தாயம்மா கையில் அறுத்துக்கொண்டு வந்தவர்களைத் திட்டுவார், திட்டிக்கொண்டே டியூப் போடுவார், டிஸ்சார்ஜ் சம்மரியில் அடுத்து எங்கே போனாலும் டாக்டருக்குப் புரியும்படி எல்லாவற்றையும் எழுதிக் கொடுப்பார். எங்களுக்கென்று தனியாக அவர் எதுவும் செய்யவில்லை. எல்லோருக்கும் செய்ததைச் செய்தார், அதற்கே வெளியூரிலிருந்தெல்லாம் அவரைத் தேடி வந்தோம்.

எங்கள் ஆட்களே வெள்ளை உடை போடுவதும் நடக்கிறது. தூத்துக்குடி மாவட்டத்தைச் சேர்ந்த அன்பு ரூபி 2019இல் அரசு செவிலியராக ஆணை வாங்கினார். தெலங்கானாவில் பிராச்சி ராத்தோடும் ரூத் ஜான் பாலும் 2022இல் உஸ்மானியா அரசு மருத்துவமனையில் டாக்டர்களாகச் சேர்ந்தார்கள். டெல்லியில் டாக்டர் அக்சா ஷேக் கொரோனா காலத்தில் தடுப்பூசி மையத்தையே நடத்தினார். ஆனால் இவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம், அதுவும் தாரிகா பானு சித்த மருத்துவம் படிக்க ஒரு சீட்டுக்காக 2017இல் நீதிமன்றப் படி ஏறிய மாநிலம் இது. எங்கள் டாக்டர் வரட்டும் என்று காத்திருந்தால் இன்னும் இரண்டு தலைமுறை ஆகும், அதுவரை இருக்கிற டாக்டர்களிடம்தான் போயாக வேண்டும்.

புகார் கொடுக்க வேண்டியதுதானே என்பீர்கள். 2019 சட்டத்தின் 11ஆம் பிரிவு, ஒவ்வொரு நிறுவனமும் புகார் அலுவலர் ஒருவரை நியமிக்க வேண்டும் என்றது. உங்கள் மாவட்ட நிருபர்களிடம் ஒரு வேலை கொடுங்களேன். அவரவர் ஊர் அரசு மருத்துவமனைக்கும் இரண்டு மூன்று பெரிய தனியார் மருத்துவமனைக்கும் போய், திருநர் புகார் அலுவலர் யார், எந்த அறை என்று கேட்டுவிட்டு வரச் சொல்லுங்கள். ஆர்.எம்.ஓ.வை (நிலைய மருத்துவ அலுவலரை) கேளுங்கள் என்பார்கள், ஆர்.எம்.ஓ. டீனைக் கேளுங்கள் என்பார், அப்படியே சுற்றி வந்து கவுண்டரிலேயே நிறுத்துவார்கள். பெயரும் போன் நம்பரும் வாசல் பலகையில் எழுதி வைத்திருக்கும் ஆஸ்பத்திரி எதுவாவது இருந்தால் அதன் படத்தை முதல் பக்கத்தில் போடுங்கள், நானே பத்துப் பிரதி வாங்குகிறேன். மாநில மருத்துவக் கவுன்சிலுக்கு எழுதலாம் என்றும் சொல்வார்கள். எழுதிப் பார்க்கலாம், ஆனால் டாக்டரைப் பற்றிய புகாரை விசாரிப்பதும் டாக்டர்கள்தான். கேரளத்தில் அனன்யா குமாரி அலெக்ஸ் என்ற திருநங்கை தன் அறுவை சிகிச்சை தவறாகப் போனது என்று வெளிப்படையாகக் குற்றம் சாட்டிக்கொண்டே இருந்தார். 2021 ஜூலையில் அவர் இறந்த பிறகுதான் அரசு விசாரணை என்று ஒன்று கிளம்பியது.

கடைசியாக உங்களுக்கு ஒரு வேலை. வாராவாரம் நீங்கள் டாக்டர் பதில்கள் என்று அரைப் பக்கம் போடுகிறீர்கள். முடி கொட்டுவது, மூட்டு வலி, குழந்தைக்குச் சளி என்று கேள்விகள் வருகின்றன, நானும் விடாமல் படிக்கிறேன். எங்கள் ஆட்கள் எழுதிய கேள்வி ஒன்று கூட அதில் வந்ததில்லை, அனுப்பவில்லையா, அனுப்பியும் போடவில்லையா, தெரியவில்லை. இனிமேல் நான் அனுப்புகிறேன். முதல் கேள்வியை இங்கேயே எழுதிவிடுகிறேன், எந்த டாக்டரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பதிலைப் போடுங்கள்: "வயது 34, திருநம்பி. நாலு வருடமாக டெஸ்டோஸ்டிரோன் ஊசி போடுகிறேன், கர்ப்பப்பை எடுக்கவில்லை. மூன்று மாதமாக அடிவயிற்றில் வலி, இடையிடையே ரத்தக் கசிவு. எந்தப் பிரிவுக்குப் போக வேண்டும், என்னென்ன பரிசோதனை செய்ய வேண்டும், ஓபி சீட்டில் என்ன என்று பதிவு செய்யச் சொல்ல வேண்டும்?"

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகி,
தென் மாவட்டத்திலிருந்து
(பெயரும் முகவரியும் ஆசிரியர் குழுவுக்கு மட்டும் தனியாக இணைத்துள்ளேன்)